பச்சை நாடாவின் மழை

எங்கள் ஊருக்கு மழை வெள்ளிக்கிழமை பஸ்ஸில்தான் வரும். மஞ்சப்பாறை தேயிலை எஸ்டேட்டில் விடியும் முன்பே ஏறி, கொண்டை ஊசி வளைவுகளிலெல்லாம் குலுங்கி இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, காற்றாலைகள் சுற்றுகிற பொட்டல் வழியே ஓடி, ஊஞ்சவலசு நிறுத்தத்தில் பெட்டிக்காரக் கனகு மடியில் உட்கார்ந்தபடி வந்து இறங்கும். பெட்டி என்றால் தகரப்பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்குள் சுருண்டு கிடக்கும் நாடா. எஸ்டேட் கம்ப்யூட்டரில் அந்த வாரம் வரைக்கும் இருந்த கொழுந்து எடை, ஆஸ்பத்திரி மருந்து, யார் யாருக்குக் கம்பளி என்பது வரை அத்தனையும் அந்த நாடாவில் இருக்கும். எழுதின வாரத்தில் மலையில் பெய்த மழையும் இருக்கும்.

இத்தனைக்கும் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஊரைத் தேடிப் பிடித்ததே இங்கே மழை இல்லை என்பதற்காகத்தான். மலையில் தீப்பிடித்தாலும் மண் சரிந்தாலும் கம்ப்யூட்டரும் அதன் நகலும் சேர்ந்து போய்விடக் கூடாது, நகல் தூரத்தில் இருக்க வேண்டும், நாடாவுக்கு ஈரம் ஆகாது, ஆகவே ஈரமே இல்லாத ஊராகப் பாருங்கள் என்று யாரோ சொல்ல, அவர்கள் வரைபடத்தில் விரலை வைத்துத் தேடி, பஞ்சு அரைத்து ஓய்ந்துபோன எங்கள் ஜின்னிங் ஆலையின் இரும்புக்கதவு அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். முதல் நாடாவை அலமாரியில் வைத்துப் பூட்டின அன்றைக்கு, ஊர் எல்லையில் இருக்கும் புளியமரம் வரைக்கும், மரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு துளி இல்லாமல், சாயங்காலம் வரை சாரல் பிடித்தது. தேயிலை வாசம் அடித்தது. களத்தில் நின்ற பெண்களின் கெண்டைக்காலில் மலை அட்டை ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு வைத்து அதை எடுத்துப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கிழமை என்றுதான் கேட்டார்கள். ஏனென்றால் ஊரில் இரண்டு கட்சி. ஒன்று களத்துக்காரர்கள், தேங்காயை உடைத்துக் களத்தில் பரப்பிக் கொப்பரை காயவைத்து எண்ணெய் ஆலைக்கு அனுப்புகிறவர்கள். கொப்பரையில் நாலு துளி பட்டால் பூசணம் பூத்துவிடும், பூத்தது சோப்புக்குத்தான் ஆகும். இன்னொன்று தோட்டத்துக்காரர்கள், அடிவரைக்கும் வற்றின கிணற்றைத் தினமும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். பெட்டியை ஊருக்குள் விடாதே என்று ஒரு கட்சியும், பெட்டியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று ஒரு கட்சியும் நின்று, கடைசியில் வெள்ளிக்கிழமை எல்லாக் களமும் தார்ப்பாய் மூடிக்கொள்வது, மற்ற நாளில் பழைய நாடாக்களை ஈயக் காகிதத்தில் சுற்றி வைப்பது, சுற்றினால் பெய்யாது என்று ஒரு வழிக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஊரில் கல்யாணம் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை யாரும் துணி துவைப்பதில்லை. எஸ்டேட் ஆடிட்டர் ஒருமுறை வந்து, குடையை மடக்கியபடியே அறைக்குள் நுழைந்து, "இங்க ஈரம் ஜாஸ்தியா இருக்கே" என்றார். "நாடா கொண்டாந்ததுங்க சார்" என்றாள் கலாமணி. அவர் ஈரத்தை இழுக்கட்டும் என்று அலமாரிக்குள் வைக்க ஒரு கூடை அடுப்புக்கரி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கலாமணிதான் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்கு முன்னால் அவளுடைய தங்கச்சி கோகிலா பார்த்தாள். வாராவாரம் மலையிலிருந்து எட்வின், எஸ்டேட் கம்ப்யூட்டர் பொறுப்பில் இருக்கிற பையன், நாடா பத்திரமாக வந்ததா என்று போன் பண்ணுவான். வந்தது என்று சொல்ல ஒரு நொடி போதும், இவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை மேலே போகிற பெட்டியோடு கோகிலாவும் போய்விட்டாள். அவன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், மலையில் பிறந்தவன், நம்ம பக்கமே இல்லை என்று பெரியப்பா நாச்சிமுத்து அன்றோடு அவள் பேரை எடுப்பதை விட்டார். அப்பா இல்லாத அந்த இரண்டு பெண்களையும் தூக்கி வளர்த்தவர் அவர். ஊரிலேயே பெரிய களம் அவருடையது.

நாடாக்கள் மொத்தம் நாலு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. வாரம் ஒன்று புதிதாக எழுதிக் கீழே வரும், கீழே கிடப்பதில் பழையது மேலே போகும், அதன் மேல் புதிசை எழுதி மறுபடி கீழே அனுப்புவார்கள். எழுதும்போது பழைய கணக்கும் அழியும், பழைய மழையும் அழியும். இது சும்மா அலமாரியில் கிடக்கும்போது பெய்கிற மழை. கிடந்து பெய்தால் தீராது. ஓட்டினால் வேறு. ஆடிட்டர் சொன்னார் என்று, நாடா படிக்கிற மிஷின் ஒன்றை எட்வின் இங்கேயும் வைத்திருந்தான். ஒருதரம் சரிபார்க்க நீல நாடாவை ஓட்டியபோது, ஒரு மாசி மாதத்துக் கோடை மழை மொத்தமும் ஒரே மூச்சில் கொட்டி, கிட்டானின் களத்துக் கொப்பரை பஸ் நிறுத்தம் வரைக்கும் மிதந்து போனது. அதற்கப்புறம், மேலே போய் மறுபடி எழுதி வரும்வரை, நீலத்தை அலமாரியில் வைத்தால் மூடுபனிகூட வரவில்லை. ஓடிப் பெய்தால் தீர்ந்துபோகும் என்று ஊருக்குத் தெரிந்தது. மிஷினைச் சாக்குப் போட்டு மூடினார்கள்.

போன வருஷம் ஆனியில் வந்தது பச்சை நாடா. அந்த மாதிரி ஒரு மழையை எங்கள் ஊர் கண்டதில்லை. அடித்து ஊற்றவில்லை, காற்று இல்லை, இடி இல்லை. மண்ணுக்குக் காதில் சொல்வதுபோல இறங்கி இறங்கி, கிணறுகளில் ஊற்றுக்கண் திறந்துவிட்டுப் போனது. தோட்டத்துப் பழனாத்தாள் அறை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கலா, இதை அழிக்கக் குடுத்துராத சாமி."

"மேல போகோணுமுங்க அத்தை. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"போகட்டும். அழிக்காம வரட்டும். அதுக்கு ஏதாச்சும் இருக்குமே, உன்ற தங்கச்சி சொல்லியிருக்கறா."

இருந்தது. கூட்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்புத் தாழ்ப்பாள். அதைத் தள்ளிவிட்டால் மிஷின் நாடாவைப் படிக்கும், அழிக்காது, அதன்மேல் எழுதாது. பழனாத்தாள் மட்டும் வந்திருந்தால் கலாமணி முடியாதென்றிருப்பாள், தெருவே வந்தது. அவள் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அதிலிருந்து பச்சை முறை வருகிறபோதெல்லாம் நாடா மேலே போய், எழுதப்படாமல், அதே ஆனி மழையோடு திரும்பி வந்தது. மேலே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கீழே யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆடி பிறந்து, மலையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் காற்றும் வெயிலும். கொப்பரைக்கு இதைவிட நல்ல வெயில் கிடைக்காது என்று எல்லாக் களத்திலும் உடைத்துப் பரப்பியிருந்தார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் ஊரே வெள்ளைக் கிண்ணங்களாக வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அப்படி ஒரு மத்தியானத்தில் எட்வின் போன் பண்ணினான்.

"அக்கா, மலை பிளந்திருக்கு." மூச்சு வாங்கினான். "தொழிலாளிங்க லயன் வீடுகளுக்கு மேல. கை நுழையுற அகலம். எல்லாரையும் பேக்டரிக்குள்ள கொண்டாந்துட்டோம். ஆனா பேக்டரியும் அதே மலைக்குக் கீழதான் நிக்குது. ரோடு ரெண்டு பக்கமும் போச்சு."

"கோகிலா?"

"இங்கதான் இருக்கா. நடக்க முடியலை அவளுக்கு. ஒம்பதாம் மாசம்."

மலையின் வயிற்றுக்குள் தண்ணீர் கட்டி நிற்கிறது, அது வெளியே வர வழி கிடைத்தால் மலை நிற்கும், கிடைக்காவிட்டால் மலையே வரும் என்றான். வழி இருந்தது. தோட்டம் போட்ட வெள்ளைக்காரன் மலைக்குள் கல் வைத்துக் கட்டின வடிகால் ஒன்று. ரோடு போட்டபோது அதன் வாயை மண்ணால் மூடிவிட்டார்கள். எங்கே மூடினார்கள் என்று தெரிந்தவர் யாரும் இப்போது மலையில் இல்லை. வரைபடத்தைக் கறையான் தின்றுவிட்டது. தின்பதற்குள் அதைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள்.

"அதைப் பாரேன் தம்பி!"

"கம்ப்யூட்டர் காலைல இடி விழுந்து போச்சுக்கா. நல்லா இருந்தாலும் அதுல அந்தப் படம் இல்லை. இடம் பத்தலைன்னு தை மாசம் ஆபீஸ்ல பழைய படத்தையெல்லாம் அழிச்சுட்டாங்க. நாலு நாடாவுலயும் அதுக்கப்பறம் எழுதியாச்சு. எங்கயுமே இல்லை. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

கலாமணி திரும்பி அலமாரியைப் பார்த்தாள்.

"பச்சையில எழுதலை, தம்பி."

"என்னக்கா?"

"தாழ்ப்பாள் போட்டிருக்குது. போன வருஷம் ஆனியில இருந்து. மழைக்காக."

எட்வின் ஒரு மாதிரி சிரித்தான். "அதான் துப்பித் துப்பித் தள்ளுச்சா? நான் மிஷின் அழுக்குன்னு தொடச்சுத் தொடச்சு வச்சேன். அடுத்த வாரம் சிவப்பு வருதே, போகட்டும்னு விட்டேன்." சிரிப்பு நின்றது. "அக்கா, அதை அங்கயே ஓட்டுங்க. மழையோட அதை இங்க கொண்டு வந்தா மலை தாங்காது. இருட்டுறதுக்குள்ள தெரியணும்."

சேதி ஊருக்குள் போக நேரமாகவில்லை. ஜின்னிங் ஆலை வாசலில் கூட்டம் கூடியது. கூடியபோது எங்கள் ஊரில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது: இரண்டு கட்சியும் ஒரே பக்கம் நின்றது. ஓட்டினால் களத்துக் கொப்பரை மொத்தமும் போகும். ஓட்டினால் தோட்டத்து மழை இன்றோடு தீரும். ஓட்டக் கூடாது.

"வேற எங்கயாச்சும் கொண்டு போய் ஓட்டு" என்றான் கிட்டான்.

"எங்க? மிஷின் இங்கதான் இருக்குது. தூக்கினா அதுல நாடாவைப் படிக்கற தலை ஆடிரும். எட்வினுக்குப் பொழுதில்லை" என்றாள் கலாமணி.

"சாமி, என்ற கெணறு" என்று ஆரம்பித்த பழனாத்தாள் முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

கலாமணி நாச்சிமுத்துவுக்கு முன்னால் போய் நின்றாள். "பெரியப்பா, அங்க கோகிலா இருக்கறா. மாசமா இருக்கறா."

நாச்சிமுத்து தன் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கோகிலா?" என்றார்.

வெயில் காய்ந்தது. கலாமணி கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். கோகிலாதான்.

"அக்கா, செவுத்துல இருந்து தண்ணி வருது. தெளிஞ்சு வந்தாப் பரவால்லையாம், சேறா வருது. இப்பக் கால் நுழையுதாம் வெடிப்புல." அவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "அங்க வெயிலா?"

"ஆமா கண்ணு."

"களத்துலெல்லாம் போட்டிருக்காங்களா?"

"எல்லாக் களத்துலயும்."

அந்தப்பக்கம் யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. கோகிலா அதற்கு ஏதோ சமாதானம் சொன்னாள். பிறகு, அறையைப் பார்த்துக்கொண்ட காலத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "அப்ப ஓட்ட விடுறாங்களோ என்னவோ. விட்டாங்கன்னா, மொதல்ல ரூம் மேல தார்ப்பாய் போடச் சொல்லுக்கா. ஜன்னல் பக்கம் ஓடு ஒழுகும், நேரா மிஷின் மேல சொட்டும். நனஞ்சா நாடா கடிச்சுக்கும், அப்பறம் எதுவுமே மிஞ்சாது. சின்னத் தார்ப்பாய் பத்தாது. பெரியப்பா களத்துல இருக்கறது மாதிரி பெருசு வேணும்."

லைன் அறுந்தது.

கலாமணி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லாரும் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் களத்து மூலைக்குப் போனார். மழை வந்தால் மூட என்று மடித்து வைத்திருந்த அந்தப் பெரிய நீலத் தார்ப்பாயை, கொப்பரைக்கு அவரிடம் இருந்த ஒரே மூடலை, ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். தனியாளுக்கு அது அசையவில்லை.

"வாயைப் பொளந்துட்டு நிக்கறீங்களே," என்று கத்தினார், "புடிங்கடா அந்தப் பக்கம்! கிட்டான், ஏணி எங்கடா? சீமை ஓடு, பாத்துக் கால் வெய்யி, உன்ற அப்பன் மாதிரி ஒடச்சு வெக்காத!"

அதற்கப்புறம் எல்லாரும் ஓடினோம். கூரை மேல் தார்ப்பாய் ஏறியது, அதன்மேல் ஆளாளுக்குக் கல் ஏறியது. களத்துக்காரர்கள் கூடை கூடையாகக் கொப்பரையை வீட்டுக்குள் கொட்டினார்கள். படுக்கையில் கொட்டினார்கள், கோயில் மண்டபத்தில் கொட்டினார்கள், அள்ளினது கொஞ்சம், கிடந்தது மலை. பழனாத்தாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "தீரப் போறதுன்னா ஒரு சொட்டு ரோட்டுல போகக் கூடாது" என்று வரப்பை வெட்டிக் கிணறுகளுக்கு வாய்க்கால் திருப்பினாள். அண்டா, குண்டா, கல்யாணப் பாத்திரம், தண்ணித்தொட்டி எல்லாம் வாசலுக்கு வந்தன. புளியமரத்துக்கு அந்தப்பக்கம் ஆடுமாடுகளை ஓட்டிப் போனார்கள். எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே, கலாமணி மிஷின் மேலிருந்த சாக்கை எடுத்துவிட்டு, பச்சை நாடாவைப் புடவைத் தலைப்பால் துடைத்து, வாய்க்குள் தள்ளினாள்.

மிஷின் ஒருமுறை இருமியது. நாடா சுற்ற ஆரம்பித்தது.

காதில் சொல்வதுபோல இறங்கின மழைதான் அது. ஆனால் ஒரு வாரமாய்ச் சொன்னதை எல்லாம் ஒரே வாயில் சொன்னால் எப்படி இருக்கும்? வானம் கறுக்கக்கூட நேரமில்லாமல், வெயில் அப்படியே இருக்க, வெயிலுக்குள் தண்ணீர் சுவராக நின்றது. எதிரே இருந்த வீடு தெரியவில்லை. தேயிலை வாசம் மூச்சை அடைத்தது. அட்டைகள் கூரையிலிருந்து நூல்போலத் தொங்கின. கொப்பரைகள் களங்களிலிருந்து மெல்ல எழுந்து, வெள்ளைக் கிண்ணம் வெள்ளைக் கிண்ணமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலம் போயின. நாச்சிமுத்துவின் கொப்பரை முதலில் போனது. அவர் அறை வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஜன்னல் பக்கம் தார்ப்பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். அந்தப்பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

உள்ளே திரையில் போன வருஷ ஆனி மாதத்துக் கொழுந்து எடை வந்தது, மருந்து வந்தது, கம்பளி வந்தது, வரைபடம் வரவில்லை. மின்சாரம் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தது, மிஷின் நிற்கவில்லை. தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே நாக்கை நீட்டியது. கனகுவும் கிட்டானும் கொப்பரைச் சாக்கையே படியில் அணையாகப் போட்டார்கள். நாடா ஏறக்குறைய முடிகிற இடத்தில், பழுப்பேறின தாளின் படம் ஒன்று மேலிருந்து கீழாக, வரி வரியாக, பொறுமையைச் சோதித்துக்கொண்டு விரிந்தது.

கலாமணி படத்தைப் போனில் எடுத்து அனுப்பினாள். போகவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டாள். எட்வின் எடுத்தான்.

"படம் வராது, நான் சொல்றேன், கேளு. பழைய ஸ்டோர் இருக்குதா?"

"செவுரு மட்டும் இருக்குக்கா."

"அதுக்குத் தெக்க, ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல."

"மரத்தை வெட்டியாச்சே!"

"அடிக்கட்டை?"

யாரையோ கூவிக் கேட்டான். அந்த யாரோ இன்னொருவரைக் கூவிக் கேட்டார். "ஒண்ணு இருக்கு. செவுத்துக்குத் தூரத்துல இருக்கறது ஒண்ணுதான் இருக்கு."

கலாமணி திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தாள். "ரெண்டும் செவுத்தோட ஒரே நேர்ல நிக்குது. அந்தக் கட்டையில இருந்து செவுத்தைப் பாத்துட்டே நடங்க. ஒரு பாறை தட்டும், ஆமை மாதிரி போட்டிருக்குது படத்துல. அது பக்கத்துல தோண்டுங்க. தம்பி? கேட்டுதா? தம்பி!"

லைன் செத்துப் போயிருந்தது.

நாடா 'டக்' என்று நின்றது. மழையும் நின்றது. சொட்டுகிற சத்தம், எங்கேயோ கிணற்றுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், வேறொன்றுமில்லை. களங்கள் கழுவிவிட்ட மாதிரி கிடந்தன. ஊரே ஆலை வாசலில் நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, யாரும் கொப்பரையைத் தேடப் போகவில்லை. கலாமணி போனை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். நாச்சிமுத்து இன்னும் தார்ப்பாயின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கிட்டான் போய், "மழை நின்னுருச்சுங்க மாமா" என்று விரல் விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

வெயில் சாய்ந்து, காற்றாலைகளின் நிழல் ஊருக்குள் நீண்டு வந்தபோது போன் அடித்தது.

"பாறை தட்டுச்சுக்கா" என்றாள் கோகிலா. "மொதல்ல ஒண்ணுமில்லை. அப்பறம் ஒரு மாடு கத்துற மாதிரி உள்ள சத்தம் கேட்டுச்சு. அப்பறம் சேறு, அப்பறம் கல்லு, அப்பறம் ஆறே வந்துருச்சு. செவுத்துல சொட்டுறது நின்னுருச்சு. எல்லாரும் இருக்கோம். எல்லாரும்." இப்போதுதான் அழுதாள்.

ரோடு சரியாகி, கனகு மறுபடி பெட்டியோடு வர நாளாயிற்று. அதற்குள் கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கிணறுகளில் தண்ணீர் நின்றது. தெருவில் ஒதுங்கிப் பூசணம் பூத்த கொப்பரையைச் சோப்புக்காரர்கள் வந்து அள்ளிப் போயிருந்தார்கள். இந்த முறை மேலே போக வேண்டியது பச்சை. கலாமணி அதை அலமாரியிலிருந்து எடுத்தாள். ஈயக் காகிதம் தேவையில்லாத நாடா. வெறுமனே வைத்தும் வானம் வெளுத்தே கிடந்தது. பழனாத்தாள் அதை ஒருதரம் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மழை இல்லாத நாடாவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று கலாமணி நகத்தை வைத்து அதைத் திறக்கப் போனாள்.

"இரு" என்றார் வாசலில் நின்ற நாச்சிமுத்து. "அதுல மழை போயிருச்சு. படம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க பெரியப்பா. அவங்களுக்கு ஒரு நகல் குடுத்தாச்சுங்க."

"இருந்தா என்ன? திறக்காத. அது இங்கயே கெடக்கட்டும்."

"அப்பறம் நாலு வாரத்துல ஒரு வாரம் எழுத நாடா இருக்காதுங்களே."

"புதுசா ஒண்ணு வாங்கச் சொல்லு மாப்பிள்ளையை."

கலாமணி தலை நிமிராமல் பச்சை நாடாவை மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள். "என்ன கலருல வாங்கச் சொல்றதுங்க?"

நாச்சிமுத்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு களத்தைப் பார்த்து இறங்கினார். பாதித் தூரம் போய், திரும்பாமலே சொன்னார்.

"கோகிலாகிட்டக் கேளு."